செருப்பைக் கழற்றிவிட்டு ஏறவும்

சனிக்கிழமைகளில் எங்கள் வண்டியின் உள்பக்கத்தைத் துடைப்பவள் என் மனைவி பமேலா. வெளிப்பக்கம் என் பொறுப்பு. அதாவது தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது. உள்வேலை அவளுக்குப் போனதற்குக் காரணம் நம்பிக்கையல்ல, என் வயிறு. இரண்டே கதவுள்ள வண்டி. பின்சீட்டுக்குப் போக வேண்டுமானால் முன்சீட்டின் தோளில் இருக்கும் விசையை இழுத்து, அது மடிந்து மெதுவாக முன்னால் நகரும்வரை காத்திருந்து, அந்த இடைவெளியில் முதலில் தலையையும் பிறகு ஒரு காலையும் விட்டு, கடைசியில் இடுப்பைப் பக்கவாட்டில் நுழைக்க வேண்டும். எனக்குத் தலையும் காலும் போகும். அதற்கு மேல் வண்டி ஒத்துழைப்பதில்லை. பமேலா ஐந்தடிக்கும் குறைவு. ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் உள்ளே போய்விடுவாள்.

"இடது பக்கம் ஒரு கோடு தெரியுது பாரு," என்பேன், வெளியே நின்று கைப்பேசி விளக்கை அடித்தபடி.

"அது தையல்."

"தையலுக்குக் கீழ?"

"அதுவும் தையல்தாங்க. நீங்க போய் டயருக்குத் தண்ணி காட்டுங்க."

வாங்கிப் பதினான்கு மாதமாகிறது. அந்தப் பின்சீட்டில் அதிக நேரம் இருந்தவள் பமேலாதான். ஒரே ஒரு நாளைத் தவிர, அவள் அதில் இருந்தபோது வண்டி ஓடிக்கொண்டிருந்ததில்லை.

வண்டியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் விலையைத் தேடிப் பார்ப்பீர்கள். பார்த்த பிறகு என்மேல் உங்களுக்கு இரக்கம் வராது. ஒன்பது வருஷப் பழையது, சாம்பல் நிறம், உள்ளே பாலாடை நிறத்தில் தோல் சீட்டு, அதே நிறத்தில் தரைக் கம்பளம், என்னைவிட நல்ல கவனிப்பில் வளர்ந்தது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

நான் ரெஜினால்ட். வயது ஐம்பத்தேழு. மலாக்காவை அடுத்த புலாவ் செபாங்கில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் உள்ள தாமான் குடியிருப்பில், வரிசை வீடுகளில் கடைசி வீடு. அப்பா மரியசூசை பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நான் பள்ளிக்கூடம் போனது தோட்டத்து லாரியின் பின்னால் நின்றுகொண்டு. பிறகு தொழிற்சாலை பஸ்ஸில் பன்னிரண்டு வருஷம், ஜன்னலோரம் கிடைத்தால் தூங்கியும் கிடைக்காவிட்டால் பக்கத்துத் தோளில் தூங்கியும். பிறகு மோட்டார் சைக்கிள். அதன் பிறகு ஒரு பழைய வேன். தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். பூதக் கண்ணாடி வைத்துக் கீறல் தேடுவதுதான் வேலை. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து கீறல் தேட எதுவும் இல்லாமல் வீட்டைப் பார்க்க ஆரம்பித்தேன். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒரு சாமான் வாங்கிக்குங்க, அதையே பாத்துக்கிட்டு இருங்க," என்றாள் பமேலா. அவள் மனத்தில் இருந்தது மீன் தொட்டி.

நான் இப்படியொரு வண்டிதான் வேண்டும் என்று அலைந்ததற்கு வெளியே சொல்லும் காரணங்கள் பல உண்டு. உள்ளே இருந்த காரணம் ஒன்றுதான். அது என் தங்கை ஜெசிந்தாவின் மகள் ஜோனிட்டா.

எங்கள் குடும்பத்தில் கல்யாணப் பெண்ணைக் கோயிலுக்குக் கொண்டுபோவது தாய்மாமன். வீட்டுப் படியிலிருந்து கையைப் பிடித்து இறக்கி, தன் வண்டியில் ஏற்றி, கோயில் வாசலில் இறக்கி அவள் அப்பாவிடம் ஒப்படைக்க வேண்டும். அதோடு தாய்மாமன் வேலை முடிந்தது. சாப்பாட்டு நேரம்வரை யாரும் அவனைத் தேட மாட்டார்கள். ஆனால் அந்த ஒரு பயணம் அவனுடையது.

ஜோனிட்டா முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைப் பூசைக்கும் நான்தான் அழைத்துப் போனேன். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. வெள்ளை ஃபிராக், தலையில் வெள்ளைப் பூ முடி, கையில் மெழுகுவர்த்தி. என் வேன் முன்பு ஒட்டுப்பால் ஏற்றிய வேன். எத்தனை முறை கழுவினாலும் அழுகிய ரப்பர் வாடை போகாது. சீட்டில் ஒரு இடத்தில் கிழிந்து ஸ்பிரிங் தெரிந்தது. அதன்மேல் துண்டு விரித்திருந்தேன். துண்டு நகர்ந்துவிட்டது. கோயிலில் இறங்கியபோது ஃபிராக்கின் பின்னால் ஐம்பது காசு அளவுக்குத் துருக் கறை. அன்று எடுத்த படம் இன்றும் ஜெசிந்தா வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் இரண்டு கையாலும் மெழுகுவர்த்தியைப் பிடித்திருக்கிறார்கள். ஜோனிட்டாவின் ஒரு கை மட்டும் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

அழுது முடித்துவிட்டு அவள் கேட்டாள். "மாமா, என் கல்யாணத்துக்கும் இதே வேன்தானா?"

"இல்லடா. அன்னிக்கு மாமா அழுக்கே ஒட்டாத காருல உன்னக் கூட்டிட்டுப் போவேன். பாரு."

பிள்ளைகள் இப்படிப்பட்ட பேச்சை மறந்துவிடுவார்கள் என்பது பெரியவர்களின் நம்பிக்கை. ஜோனிட்டா மறந்தாளோ என்னவோ, நான் மறக்கவில்லை. பதினெட்டு வருஷம் கழித்து வாங்கிவிட்டேன்.

வாங்கிய பிறகுதான் அதில் வாழ்வது எப்படி என்று கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். சீட்டு என்றால் சீட்டு. பதினான்கு விதமாக அசையும். முதுகுக்குள் காற்று வீசும். பொத்தானை அமுக்கினால் இடுப்பைப் பிசைந்துவிடும். நான் கதவைத் திறந்தால் எனக்காகப் பின்னால் நகர்ந்து நிற்கும். உட்கார்ந்ததும் என் அளவை நினைவு வைத்துப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகும். முப்பத்தொரு வருஷம் வேலை செய்த இடத்தில் என் மேலதிகாரிக்கே என் பெயர் சில நாள் மறந்துபோகும். இந்த சீட்டு மறந்ததே இல்லை. கதவுகளின் ஓரத்தில் மெல்லிய வெளிச்சம் ஓடும், அறுபத்துநான்கு நிறத்தில். முதல் நாள் நீல நிறத்தைப் போட்டுக் காட்டியபோது பமேலா சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதா கெபிக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு," என்றாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மற்றவை மெதுவாகத் தெரிந்தன. கட்டி வாங்கிய தே தாரிக்கை, அதாவது ஆற்றிய பால் டீயைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கயிறு கட்டி ஸ்ட்ரா குத்திக் கொடுக்கிறார்களே அதை, மாட்ட அந்த வண்டிக்குள் ஒரு கொக்கி கிடையாது. இந்த நாட்டின் மலிவான கார்களில்கூட அது உண்டு. கோப்பை வைக்கும் பள்ளத்தில் பையை வைத்தால் சரியும். ஆகவே தே வாங்கினால் வண்டிக்கு வெளியே நின்று குடித்துவிட்டுத்தான் கிளம்புவேன். கேஸ் சிலிண்டர் பின்பெட்டியில் படுக்காது. பத்துக் கிலோ அரிசி மூட்டையைப் பின்சீட்டில் வைத்தால், பெல்ட் போடவில்லை என்று வண்டி கூவும். அரிசிக்கு பெல்ட் போட்டுக் கூட்டி வந்திருக்கிறேன். கதவு ரொம்ப நீளம். பாசாரில் இரண்டு வண்டிக்கு நடுவில் நிறுத்தினால் கதவைக் கால்வாசிதான் திறக்க முடியும். அந்தக் கால்வாசியில் நான் வெளியே வருவதை மீன் கடைக்காரர் வியாபாரத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். சீட்டு தரையோடு தரையாக இருப்பதால், மூட்டு வலிக்காரியான பமேலா ஒவ்வொரு முறை எழும்போதும் "இயேசுவே" என்பாள். அவளுடைய பக்தி இந்தப் பதினான்கு மாதத்தில் வெகுவாக வளர்ந்திருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் மேலே நான் ஒரு விதி போட்டேன். செருப்போடு யாரும் ஏறக் கூடாது.

நம் ஆட்கள் புதுக் காருக்கு ஒரு மாதம் இப்படிச் செய்வதுதான். சீட்டு பிளாஸ்டிக்கை எடுக்கும்போது விதியையும் எடுத்துவிடுவார்கள். நான் எடுக்கவில்லை. கதவுப் பையில் பிளாஸ்டிக் பைகளை மடித்து வைத்தேன். ஏறுகிறவர் செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்பியம் என்ற அக்கம்பக்கத்து ஜெபக் கூட்டத்துக்கு ஒருமுறை ஏறிய பக்கத்து வீட்டுக் கிழவர் அடுத்த வாரத்திலிருந்து மழையில் நடந்தே போகிறார். வண்டியை மந்திரிக்க வந்த ஃபாதர் தீர்த்தச் செம்போடு கதவைத் திறக்கப் போனபோது, "வெளியில மட்டும் போதும் ஃபாதர், உள்ள லெதர்," என்று சொல்லிவிட்டேன். ஃபாதர் சிரித்தார். பமேலா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எந்தச் சண்டையிலும் அவளுக்குக் கடைசி ஆயுதம் அதுதான். "தீர்த்தத்தையே உள்ள விடாத மனுஷன்!"

ஜோனிட்டாவின் கல்யாணம் குறித்தாயிற்று. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மலாக்கா டவுனில் பூசை. மூன்று வாரத்துக்கு முன்னால் சிம்பாங் அம்பாட்டில் ஜெசிந்தா வீட்டில் கூடிப் பேசினோம். ஜெசிந்தாவின் கணவர் பிரான்க்ளின் வாடகை வேன் ஓட்டுகிறவர். ஏழு பேர் உட்காரும் வேன் ஒன்றை வாசலிலேயே நிறுத்தியிருந்தார்.

"மச்சான், உங்க காரு நல்ல காரு லா. நான் கொற சொல்லல," என்று ஆரம்பித்தார். "ஆனா கவுனுக்குள்ள மூணு வளையம் இருக்கு. கொடை மாதிரி விரியும். உங்க காருக்குள்ள கொடைய விரிக்க முடியுமா?"

"மடக்கி வெச்சுக்கலாம் மாப்பிள்ளை."

"எத மடக்குறீங்க, கவுனையா, என் மகளையா?"

ஜெசிந்தா நியாயமாகவே பேசினாள். "அண்ணே, தாய்மாமன் கூட்டிட்டுப் போகணும், அவ்வளவுதானே? இவரு வேன நீங்க ஓட்டுங்க. யாரு வண்டியா இருந்தா என்ன? பொண்ணு பின்னுக்கு ராணி மாதிரி உக்காந்து வருவா."

"என் வண்டியில முன்னுக்கு உக்காந்து வரட்டும்."

"முன்னுக்கா?" என்றார் பிரான்க்ளின். "கல்யாணத்துக்குப் போறாளா, லைசென்சு டெஸ்டுக்குப் போறாளா?"

எல்லாரும் சிரித்தார்கள். பமேலாவும்தான். எனக்குக் காது சூடானது. பத்தொன்பது வருஷம் ஒரு வாக்கைக் காப்பாற்றி வைத்துக் கடைசி மூன்று வாரத்தில் ஒரு வாடகை வேனிடம் தோற்கப் போகிறேன் என்று தோன்றியது. அப்போது ஜோனிட்டா கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினாள். அவள் மலாக்காவில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். அதிகம் பேச மாட்டாள்.

"மாமா கார்லயே போறேம்மா. வளையத்த எடுத்திரலாம். மாமா பிராமிஸ் பண்ணது எனக்கு ஞாபகம் இருக்கு."

நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். தாகம் இல்லை.

அந்த மூன்று வாரமும் ஒத்திகை பார்த்தேன். வீட்டுத் திரைத்துணி நான்கு மீட்டரைப் பமேலாவின் இடுப்பில் கட்டிக் காரில் ஏற்றி இறக்கினேன். எதிர் வீட்டுப் பிள்ளைகள் வேலியோரம் நாற்காலி போட்டுப் பார்த்தார்கள். ஜோனிட்டாவையே இரண்டு முறை அழைத்துப் போனேன், ஒருமுறை தையல்காரியிடம், ஒருமுறை கோயிலுக்கு. அவள் உட்காரும் வாகைப் பார்த்து, பக்கத்து சீட்டின் நினைவுப் பொத்தானில் பதிய வைத்தேன்.

"எனக்கு எத்தனாவது பட்டன்?" என்று கேட்டாள் பமேலா.

"உனக்கு எதுக்கு? நீ எப்படி உக்காந்தாலும் உக்காந்துக்குவ."

இதைச் சொன்னபோது எனக்குப் பாராட்டாகத்தான் பட்டது.

இரண்டு முறையும் ஜோனிட்டா கதவருகே வந்ததும் தானாகச் செருப்பைக் கழற்றினாள். நான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் மற்றவர்கள் வேலையில் குறை சொன்னவன் நான். சொன்னதை இரண்டாவது முறை சொல்லாமலே கேட்ட ஒரே ஆள் அவள். எனக்கு அதில் ஒரு பெருமை.

கல்யாண நாளுக்கு முந்திய ராத்திரி நல்ல மழை. சிம்பாங் அம்பாட் வீட்டு முற்றம் செம்மண் குழம்பாகக் கிடந்தது. நான் காலை ஏழு மணிக்கே போய், படியிலிருந்து கார்வரை பலகை போட்டு, அதன்மேல் வீட்டிலிருந்து கொண்டுபோன பழைய கம்பளத்தை விரித்தேன். பெண்ணின் கால் மண்ணில் படாது. கவுன் மண்ணில் படாது. பிரான்க்ளின் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி வந்து பார்த்தார்.

"மச்சான், கவர்னரு வர்றாரா?"

"நீங்க போங்க மாப்பிள்ளை. கோயில் வாசல்ல நில்லுங்க. நான் கொண்டாந்து ஒப்படைக்கிறேன்."

வேன் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டது. வீட்டையும் பந்தலையும் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு அப்புசாமி அண்ணன் மட்டும் இருந்தார். அவர் பின்பக்கம் சமையல் அண்டாக்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

பின்சீட்டில் ஒருவர் உட்கார்ந்து கவுனின் வாலைப் பிடிக்க வேண்டும். அந்த இடத்துக்குள் போகக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான். பமேலா பட்டுப் புடவையோடு உள்ளே போனாள். செருப்பு பையில், பை மடியில். பிறகு முன்சீட்டை நிமிர்த்திவிட்டு, ஜோனிட்டாவைக் கையைப் பிடித்துப் படியிறக்கினேன். வெள்ளைக் கவுனில் அவளைப் பார்த்ததும் சொல்ல நிறைய யோசித்து வைத்திருந்தேன். "பாத்து, பலக ஆடும்," என்றேன்.

பந்தல் கால் இடித்ததால் கதவு முழுக்கத் திறக்கவில்லை. அவள் பக்கவாட்டில் சீட்டில் உட்கார்ந்தாள். நான் குனிந்து கவுனை மடிப்பு மடிப்பாக அள்ளி உள்ளே கொடுத்தேன். பமேலா பின்னாலிருந்து இழுத்தாள். ஜோனிட்டா காலை உள்ளே எடுத்து வைத்தாள். ஒரு நூல்கூடக் கதவில் மாட்டவில்லை. நகைப் பெட்டியை மூடுவதுபோலக் கதவை மூடினேன்.

சிம்பாங் அம்பாட்டிலிருந்து மலாக்காவுக்கு முப்பத்தெட்டு நிமிஷம். என் வாழ்க்கையில் நான் குறையே கண்டுபிடிக்காத முப்பத்தெட்டு நிமிஷம் அதுதான். சீட்டு அவளைப் பதிந்த அளவுக்குக் கொண்டுபோனது. வெளியே லாரிகள் சத்தமே கேட்காமல் கடந்து போயின.

"மாமா, சீட்டு முதுக அமுக்குது."

"நீ டென்ஷனா இருப்பேன்னு நான்தான் போட்டேன்."

"நல்லா இருக்கு மாமா."

"எனக்குக் கழுத்து ஒடியுது," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "எங்க வந்திருக்கோம்?"

"அலோர் காஜா தாண்டியாச்சு."

"எனக்கு ஒண்ணும் தெரியல. வெள்ளையாத்தான் தெரியுது."

பமேலா தோளுக்கு மேல்வரை துணிக்குள் மூழ்கியிருந்தாள். கண்ணாடியில் பார்த்தேன். கூரை தாழ்வாக இருந்ததால் தலையைச் சாய்த்து, கவுனின் வாலைக் குழந்தையைப் போல இரண்டு கையிலும் ஏந்தி உட்கார்ந்திருந்தாள். கவுனில் ஒரு பொட்டுக் கறையில்லை. அதைத்தான் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவள் கழுத்தை அல்ல.

கோயில் வாசலில் பிரான்க்ளின் கோட்டு போட்டு நின்றார். உள்ளே ஆர்கன் வாசித்துப் பார்க்கும் சத்தம். நான் இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறந்தேன். இங்கே இடமிருந்தது, கதவு முழுக்கத் திறந்தது. ஜோனிட்டா ஒரு காலை வெளியே நீட்டினாள். நகச்சாயம் பூசிய வெறுங்கால். அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மாமா. ஷூ."

"பை எங்க? அத்தைகிட்டயா?"

"பையில போடல மாமா. கையில பூ இருந்துச்சு. கீழ கழட்டினேன்."

"கீழன்னா?"

"வீட்ல. கார்ப்பெட்டு மேல."

பிரான்க்ளின் காரை ஒருமுறை முன்னிருந்து பின்வரை பார்த்தார். "பொண்ணு வந்திருக்கா, கவுன் வந்திருக்கு, பூ வந்திருக்கு. ஷூவுக்கு மட்டும் எடம் பத்தலையா மச்சான்?"

திரும்பிப் போய் எடுத்து வர ஒரு மணி நேரத்துக்கு மேல். பத்தடிக்க ஆறு நிமிஷம். ஜெசிந்தா படியில் இறங்கி வந்து மகளின் காலைப் பார்த்து, என்னைப் பார்த்து, தன் செருப்பைக் கழற்றப் போனாள். அது தங்க நிறத்தில் ஒரு சாண் உயரமாக இருந்தது. அதில் இரண்டு அடி நடக்க ஜோனிட்டாவால் முடியாது.

"என்னைய யாராச்சும் வெளிய எடுங்க," என்றாள் பமேலா பின்சீட்டிலிருந்து.

விசையை இழுத்தேன். சீட்டு தன் வழக்கப்படி அவசரமே இல்லாமல் முன்னால் போனது. பமேலா "இயேசுவே" என்று இறங்கி, பைக்குள்ளிருந்த தன் செருப்பை எடுத்துத் தரையில் வைத்தாள். பழுப்பு நிறத் தட்டைச் செருப்பு. மூட்டு வலிக்காக வாங்கியது. ஜோனிட்டா காலை நுழைத்தாள். குதிகால் பின்னால் ஒரு விரல் நீட்டிக்கொண்டிருந்தது.

"கவுனுக்குள்ள யாரு பாக்கப் போறா? நட," என்றாள் பமேலா.

நடந்தாள். அப்போதுதான், தரக் கட்டுப்பாட்டில் முப்பத்தொரு வருஷம் இருந்த நான் கணக்கில் எடுக்காத ஒன்று கண்ணில் பட்டது. அந்தக் கவுன் மூன்று அங்குல ஹீல்ஸுக்கு அளந்து தைத்தது. வளையத்தை வேறு எடுத்தாகிவிட்டது. தட்டைச் செருப்பில் அது மூன்று அங்குலம் தரையில் புரண்டது. கோயில் படி ராத்திரி மழையில் நனைந்து, காலையிலிருந்து நூறு பேர் மிதித்துச் செம்மண் நிறத்தில் இருந்தது. முதல் படியில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதில் ஓரம் நனைந்தது. நான்காவது படியில் கவுனின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சுற்றிலும் ஒரு பழுப்புக் கரை ஏறிவிட்டது, புடவைக்குப் போடுவது போல.

ஜோனிட்டா வாசலில் நின்று குனிந்து பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். ஒன்பது வயதில் அழுத முகம்தான் வரும் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள்.

"மாமா, காரு கிளீனா இருக்கா?"

பிரான்க்ளின் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். ஆர்கன் உரக்க ஆரம்பித்தது. தாய்மாமன் வேலை அதோடு முடிந்தது.

கார் சுத்தமாகத்தான் இருந்தது. நிறுத்திவிட்டு வருவதற்குள் இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

பமேலா பூசை முழுக்க வெறுங்காலோடு நின்றாள். தரை ஓடு ஐஸ் மாதிரி இருந்திருக்கும். மண்டபத்துக்கும் வெறுங்காலோடுதான் வந்தாள். சாப்பாட்டு வரிசையில் ஜெசிந்தாவின் நாத்தனார் அவள் காலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "என்னக்கா, மாதாவுக்கு வேண்டுதலா?"

"இல்ல. இவரு காருக்கு," என்றாள் பமேலா, தட்டில் சோற்றை வாங்கியபடி.

அதற்குள் குடும்ப வாட்ஸாப் குழுவில் படம் வந்துவிட்டது. அப்புசாமி அண்ணன் எடுத்தது. என் பழைய கம்பளத்தின் மேல் இரண்டு வெள்ளை ஹீல்ஸ், மாரியம்மன் கோயில் வாசலில் விட்டதுபோல ஒழுங்காக ஜோடி சேர்ந்து, சாலையைப் பார்த்து. கீழே, "யாருது? உள்ள எடுத்து வைக்கவா?" என்று கேட்டிருந்தார். பிரான்க்ளின் அதை இன்னும் நான்கு குழுக்களுக்கு அனுப்பினார். சிங்கப்பூரிலிருந்துகூடச் சிரித்தார்கள். ஒரு மணிக்கு அப்புசாமி அண்ணன் மோட்டார் சைக்கிளில் ஷூவோடு மண்டபத்துக்கு வந்தார். பிளாஸ்டிக் பையில் போட்டு ஹேண்டில் பாரில் மாட்டியிருந்தார். அவருடைய வண்டியில் கொக்கி இருக்கிறது.

ஜோனிட்டா ஹீல்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு மேசைக்குக் கீழே தள்ளிவிட்டாள். "அத்த செருப்பே சொகமா இருக்கு," என்றாள். கேக் வெட்டியதும் ஆடியதும் அதில்தான். நான்கு மணிக்கு மாப்பிள்ளை வீட்டு வேனில் ஏறும்போதுதான் கழற்றிக் கொடுத்தாள். ஏறுமுன் கழற்ற வேண்டும் என்று அங்கே யாரும் அவளிடம் சொல்லவில்லை. பழக்கத்தில் கழற்றிவிட்டு, பிறகு சிரித்துக்கொண்டே ஹீல்ஸைப் போட்டு ஏறினாள்.

வீட்டுக்கு வரும்போது ஐந்தரை. வழியில் நானே ஜோக்கடித்துப் பார்த்தேன். பமேலா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள், செருப்பு பையில், பை மடியில். சீட்டு இன்னும் ஜோனிட்டாவின் அளவில்தான் இருந்தது. பமேலாவின் கால் தரையைத் தொடவில்லை. நான் மாற்றச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஹாலில் உட்கார்ந்து ஒரு வாளி வெந்நீரில் காலை வைத்தாள். நான் எதிரே உட்கார்ந்து கைப்பேசியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பளத்துக்கு வெளியே ஷூ இல்லையே, மண்ணில் படவில்லையே என்று ஒரு திருப்தி. அப்படிப்பட்ட மனுஷன் நான்.

"கவுன் போச்சேன்னு ஜெசிந்தா ஏதாச்சும் சொன்னாளா?" என்று கேட்டேன்.

"சிரிச்சுட்டுப் போயிட்டா. வாடகைக் கவுன்தானே."

பமேலா வாளியிலிருந்து காலைத் தூக்கித் துடைத்தாள். குதிகாலில் ஒரு வெடிப்பு சிவந்திருந்தது. பழுப்புச் செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். வார் கொஞ்சம் தளர்ந்திருந்தது.

"என்னங்க."

"ம்."

"நாளைக்குப் பூசைக்கு நான் செருப்பு போட்டுக்கிட்டே ஏறட்டா?"

கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தீர்த்தக் கதையை எடுத்திருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் சும்மா கேட்டாள், சோற்றுக்கு உப்பு போட்டாயா என்று கேட்பதுபோல. ஏறிக்கோ என்றால் முடிந்தது. அது எனக்குத் தெரியும். அதே நேரத்தில் வெளியே மறுபடியும் தூறல் சத்தம் கேட்டது. பாலாடைக் கம்பளத்தில் ஈரச் செருப்பு படுவது கண்முன்னே வந்தது. காலுக்குக் கீழே ஒரு ரப்பர் விரிப்பு போட்டால் என்ன, அதற்கு மேலே பழைய துண்டு விரித்தால் என்ன, துண்டு நகர்ந்துவிட்டால் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பமேலா ஒரு கையில் வாளியையும் மறு கையில் செருப்பையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.